கால்மாட்டுக் கட்டை

பேய், பிசாசு என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால், அது பெட்ரோலில் ஓடுகிறதா கரியில் ஓடுகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். என் தொழில் அப்படி. பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு எஞ்சின் நின்றுபோனால் அதற்குக் காரணம் இருந்தே தீரும். பெட்ரோல் வரவில்லை, பொறி வரவில்லை, காற்று வரவில்லை, இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு மோகினி வந்து உள்ளே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன்தான், ஆனால் பிரசங்கத்தில் பேயோட்டுகிற கட்டம் வந்தால் மெல்ல வாசலுக்கு நழுவி ஒரு பீடி பற்றவைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது. நீங்கள் சிரிக்கலாம். என் மனைவியும் இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் அலமாரியில் இருக்கிற அந்தக் கட்டையை மட்டும் அவள் தொட மாட்டாள்.

தாவூதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது உலகச் சண்டை முடிந்த சமயம் அது. மதுரையில் ரயிலடிக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் பஸ் ஷெட். அப்போதெல்லாம் பஸ்ஸுக்குக் கூடு மரத்தில்தான் கட்டுவார்கள். அந்த வேலை தாவூதுடையது. அவன் மேலே ஏறி நின்று மரம் அடிப்பான், நான் அடியில் மல்லாந்து படுத்து எண்ணெயில் குளிப்பேன். இப்படியே வருஷக்கணக்காக ஒருவன் தலைமேல் ஒருவன் வேலை செய்து, அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மச்சான் என்பேன், அவன் பெண்டாட்டி ஜைனம்பு எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

அவன் இழைக்கிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இரண்டு தடவை சர், சர் என்று இழைப்புளி போகும், பிறகு நிறுத்தி வாயால் ஊஃப் என்று சுருளை ஊதித் தள்ளுவான். மறுபடி இரண்டு இழைப்பு, ஒரு ஊதல். பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு நாள் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். இன்னொன்று, எந்த மரத்தைச் செதுக்கினாலும் மேல்பக்கம் எது என்று தெரிய நீலப் பென்சிலால் ஒரு கொக்கி போட்டு, அதன் வயிற்றில் ஒரு புள்ளி வைப்பான். ஷெட்டில் எந்த பஸ்ஸின் சீட்டைப் புரட்டினாலும் அந்தக் கொக்கி இருக்கும்.

என்னை ரம்பத்தைத் தொட விடமாட்டான். எனக்கு மரம் அறுக்கப் பொறுமை கிடையாது. ஒரு பக்கம் பாதி அறுப்பேன், கை வலித்தால் புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுப்பேன், இரண்டு அறுப்பும் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே செய்யாது. நடுவில் ஒரு படி மாதிரி நின்றுவிடும். "என்ன மாப்ள, மாடிக்குப் படிக்கட்டு கட்டுறியா? நீ அறுத்தா மரத்துக்கே வெக்கமா இருக்கும்" என்பான்.

இந்த லட்சணத்தில் இருந்த எங்களிடம்தான் வேலுச்சாமி வந்து சேர்ந்தார். சமயநல்லூர்ப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்த காண்ட்ராக்டர். நாகமலை அடிவாரத்தில் ஒரு பெரிய கண்மாயில் மீன் குத்தகையும் எடுத்திருந்தார். பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது, படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துவந்துவிட்டார். மோட்டார் இருக்கிறது, படகு இல்லை.

"பரிசல்ல போயி வலை போட்டு எடுக்குறதுக்குள்ள வெயில் ஏறிருது. மீனு மதுரைக்குப் போறப்பவே கெட்டுப்போகுது. மோட்டார் படகு ஒண்ணு இருந்தா விடியக் காலமே மார்க்கெட்டுல கொண்டாந்து எறக்கிருவேன்" என்றார்.

தாவூது கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. படகு செய்ததும் இல்லை. ஆனால் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். "பஸ்ஸக் கவுத்துப் போட்டா படகு. இதுல என்ன மாப்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மரம் பார்க்கப் போய்விட்டான். மலையாளத்திலிருந்து வந்த நல்ல அயினிப் பலகை. வேலை முடிந்த சாயங்காலங்களில் செய்தான். வலை இழுக்கிறவர்கள் வந்து பார்த்து, வலையைப் பின்பக்கமாகத்தான் இழுப்போம், பின்பலகை உயரமாக இருந்தால் உரசி வலை கிழிந்துவிடும், தாழ்வாக வை என்றார்கள். தாழ்வாகவே வைத்தான். அவர்கள் சொன்னதும் சரி, இவன் செய்ததும் சரி. ஆனால் அந்த மோட்டார் ஏதோ பெரிய பட்டாளத்துப் படகுக்குச் செய்தது, தண்ணீருக்குள் இறங்குகிற அதன் தண்டு நீளம். அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிறவனும் பஸ் எஞ்சின் பார்க்கிறவனும் சேர்ந்து படகு விட்டால் வேறு எப்படி இருக்கும்.

வெள்ளோட்டத்துக்கு வேலுச்சாமி சொந்தபந்தம் முழுக்கக் கூட்டிவந்து கரையில் நிறுத்திவிட்டார். படகுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தார். நான் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மோட்டார் பிடித்தது. ஆனால் படகு, பாரம் ஏற்றிய கட்டைவண்டி மணலில் போகிற மாதிரி முனகிக்கொண்டே நகர்ந்தது. பின்னால் தண்ணீர் தண்டோடு ஏறி எங்கள் மேலேயே கொட்டியது. தண்டின் முனையில் சுழல்கிற விசிறி சேற்றைக் கிளறி, பாசியைச் சுற்றிக்கொண்டு, நடுக்கண்மாயில் நின்றுபோனது. பட்டு வேட்டி முழுக்கச் சேறு. மூங்கில் ஊன்றித்தான் கரைக்கு வந்தோம். கரையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

இறங்கியதும் அத்தனை பேர் முன்னால் வேலுச்சாமி சொன்னார். "பொட்டி செய்யுறவனக் கூப்புட்டுப் படகு செய்யச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும். தண்ணியில எறக்கத் தெரியாதவன்லாம் தச்சன். கொஞ்ச நாள் பாப்பேன். ஓடலேன்னா ஒடச்சுச் சூளையில போட்டு எரிச்சுருவேன்."

தாவூது குனிந்து விசிறியில் சுற்றிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டிய பஸ் எதுவும் அதுவரை யாரிடமும் ஒரு பழிச்சொல் வாங்கியதில்லை. மறுநாளே ஷெட்டில் கிளீனர் பயல்கள் அவனைக் "கப்பல் வருது, வழி விடு" என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான், ஆனால் மேலே இழைப்புச் சத்தம் குறைந்துபோனது. அந்தப் படகு ஒருநாள் ஒழுங்காக ஓடி, அதே கரையில் அதே மனிதர் வாயால் நல்ல படகு என்று ஒரு சொல் வர வேண்டும். வேறு எதையும் அவன் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

நான் என்ன செய்தேன், எஞ்சினைப் பிரித்தேன். பஸ் மெக்கானிக்கின் கை அங்கேதான் போகும். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கார்புரேட்டரை ஊதினேன், மேக்னெட்டோவைப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. தாவூது கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். கண்மாய்க் கொசுவோ என்னவோ, அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நடுக்கம் வந்தால் கட்டில் ஆடும்.

காஜிமார் தெருவில் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஜைனம்பு அவன் காலைக் கோணிச் சாக்கிலும் பழைய கோட்டிலும் சுற்றி வைத்திருந்தாள்.

"ஒடம்பு கொதிக்குதுண்ணே, ஆனா காலு மட்டும் குளுருது குளுருதுங்குறாக. எதப் போட்டு மூடுனாலும் பத்த மாட்டேங்குது" என்றாள்.

என்னைப் பார்த்ததும் தாவூது எழுந்திருக்கப் பார்த்தான். கண்ணில் ஒரு வெளிச்சம். "மாப்ள, எஞ்சினப் பிரிக்காத. எஞ்சின் நல்லாருக்கு. படகும் நல்லாருக்கு. தண்டுதான் நீளம். மோட்டாரு ரொம்ப ஆழத்துல தொங்குது. அதான் சேத்தக் கடையுது. விசிறிக்கு மேல ஒரு தகடு இருக்குல்ல, அது படகு அடிவயித்துக்கு நேரா வந்து நிக்கணும்."

"அப்ப தூக்கணும்."

"தூக்கணும். பின்பலகைக்கு மேல ஒரு கட்டை வைக்கணும். வலை இழுக்குறப்பக் கழட்டிக்கிற மாதிரி."

"எம்புட்டு ஒசரம்னு சொல்லு மச்சான். நாளைக்கே அறுத்து வச்சுருறேன்."

அந்தக் காய்ச்சலிலும் சிரித்துவிட்டான். "நீயா? படிக்கட்டா? ஒசரம் மட்டும் இல்லப்பா, சாய்வும் பாக்கணும். தண்ணியில நின்னு பாத்துத்தான் சொல்ல முடியும். நான் எந்திரிச்சு வாரேன். நானே வச்சுத் தாரேன்." பிறகு ஜைனம்புவைப் பார்த்து, "கால மூடு புள்ள" என்றான்.

அவன் எழுந்து வரும்வரை சும்மா இருக்க முடியாமல் நானே முயன்றேன். டயர் துண்டு வைத்தேன், உடைந்த சீட்டுப் பலகை வைத்தேன். உயரம் கூடிப்போனால் விசிறி தண்ணீரை விட்டுக் காற்றை வெட்டும், மோட்டார் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறும், படகு நின்ற இடத்தில் நிற்கும். குறைத்தால் மறுபடி சேறு. சாய்வு சரியில்லாததால் கட்டை கோணி மோட்டார் கழன்று விழப் பார்த்தது. அலறல் கேட்டு வேலுச்சாமி வந்து தலையில் அடித்துக்கொண்டு போனார். கடைசியில் நான் மோட்டாரைக் கழற்றிப் படகுக்குள் சாக்கைப் போட்டு மூடி, இடுப்பளவுத் தண்ணீரில் முளை அடித்துக் கட்டிவிட்டு வந்தேன். தாவூது வரட்டும் என்று.

தாவூது எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்தபோது நான் ஒரு பஸ்ஸுக்கு அடியில் இருந்தேன். கையைக் கழுவினேன், கிரீஸ் எங்கே போகிறது, அப்படியே ஓடினேன். ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் அடக்கத்தில், உடலை வைத்த குழிக்கு மேல் குறுக்காகப் பலகை அடுக்கி மூடிவிட்டுத்தான் மண் தள்ளுவார்கள், மண் உடல்மேல் விழக்கூடாது. அவன் தெருப் பள்ளிவாசலில் யாருக்கு அடக்கம் என்றாலும் அந்தப் பலகைகளைச் செய்து கொடுப்பது தாவூதுதான். அவன் படுத்துவிட்டதால் அன்றைக்கு இருப்பு இல்லை. நான் ஷெட்டுக்குப் போய், படகுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த அயினிப் பலகைகளையும் அவனுடைய சாமான் பையையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

குழியில் அடுக்கும்போது ஒரு பலகை நீளமாக இருந்தது. பக்கத்தில் நின்ற என்னைத்தான் அறுக்கச் சொன்னார்கள். அவனுடைய ரம்பம். நான் ஒரு பக்கம் அறுத்தேன், நடுவில் ஒரு கணுவில் மாட்டிக்கொண்டது, புரட்டிப் போட்டு மறுபக்கம் அறுத்தேன். வழக்கம்போல நடுவில் படி. கிண்டல் செய்ய ஆளில்லை. பலகையைக் கொடுத்தேன், துண்டு என் கையில் நின்றது. அப்போது குழிக்குள் நின்றவர் மேலே கையை நீட்டினார்.

"அந்தத் துண்டக் குடுங்கத்தா. கால்மாட்டுல ஒரு சந்து இருக்கு. மண்ணு விழுந்துரும்."

என் கையால் கொடுத்தேன். கொடுக்கும்போது பார்த்தேன், அதில் என் கட்டைவிரல் ரேகை கிரீஸில் கறுப்பாகப் பதிந்திருந்தது. சட்டென்று வாங்கித் துடைத்தேன், போகவில்லை. அவர் அதை வாங்கிக் கால்மாட்டுச் சந்தில் செருகித் தட்டினார், இறுக்கமாக உட்கார்ந்தது. இடுக்கில் களிமண் அப்பினார்கள். எல்லோரோடும் நானும் மண் அள்ளிப் போட்டேன். இனி அவன் கால் குளிராது என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தத் துண்டு எங்கே போனது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் வேலுச்சாமியிடமிருந்து ஆள் வந்தது. அவருக்கு இந்த விஷயமே தெரியாது. மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிடு, இன்றைக்கே வண்டி வருகிறது, படகு சூளைக்குப் போகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. போனேன்.

உச்சிவெயில். கண்மாய்க் கரையில் ஒரு ஆள் இல்லை. காவல்காரர் சோணை மட்டும் கருவேலமர நிழலில் கஞ்சிக் கலயத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க மேஸ்திரி. உங்க தச்சரு எந்த வழியா வந்தாரு? நான் காலையில இருந்து இங்கனதான் ஒக்காந்திருக்கேன், ஆளப் பாக்கலயே" என்றார்.

"எந்தத் தச்சர்?"

"அந்தா, படகுல இழைக்கிற சத்தம் கேக்குதுல்ல."

கேட்டது. தண்ணீருக்கு மேலே தெளிவாகக் கேட்டது. சர், சர். ஊஃப். சர், சர். ஊஃப்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை. பயம் அப்புறம்தான் வந்தது. கரையிலிருந்து பார்த்தால் படகு முழுக்கத் தெரிகிறது, தாழ்வான படகு, ஒரு கோழி உட்கார்ந்திருந்தாலும் தெரியும், அதில் யாரும் இல்லை. வேறு எங்கோ அடிக்கிற சத்தம் தண்ணீரில் இப்படிக் கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினேன். கிட்டப் போகப் போகச் சத்தமும் கிட்ட வந்தது. படகின் விளிம்பில் கை வைத்தேன். ஒரு ஊதல் கேட்டது, அதோடு நின்றுபோனது.

ஏறிப் பார்த்தேன். படகின் தளத்தில் பழைய சேறு காய்ந்து பொடியாகக் கிடந்தது. அங்கே வர வேண்டுமானால் இடுப்பளவுத் தண்ணீரில் நனைந்துதான் வர வேண்டும், ஆனால் அந்தப் புழுதியில் ஒரு ஈரம் இல்லை, ஒரு காலடி இல்லை. என்னுடைய ஈரக் காலடிதான் முதலாவது. சாக்கு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. நான் படுக்க வைத்துவிட்டுப் போன மோட்டார் பின்பலகையில் நின்றுகொண்டிருந்தது, திருகாணி இரண்டும் இறுக்கிவிட்டபடி. அதற்கு அடியில் ஒரு கட்டை. பின்னால் தண்ணீரில் மரச்சுருள்கள் மிதந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், அப்போதுதான் இழைத்த வாசனை.

வேறு ஒருவனாக இருந்தால் குதித்து ஓடியிருப்பான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, மோட்டார் சரியான உயரத்தில் நிற்கிறது என்றுதான் தோன்றியது. கயிற்றைச் சுற்றி இழுத்தேன்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. முனகல் இல்லை, அலறல் இல்லை. மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு படகு வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் ஒரு சொட்டு மேலே ஏறவில்லை. பாசி படர்ந்த இடத்தில் விட்டேன், அதையும் தாண்டிப் போனது. நாகமலைப் பக்கம் போய் வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாருடா, பாருடா மச்சான் என்று சத்தம் போட்டு அழுதேன், மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

கரையில் வேலுச்சாமி நின்றிருந்தார். பக்கத்தில் படகை ஏற்ற வந்த வண்டி. அவர் வாய் திறந்தபடி நின்றார். நான் கிட்ட வந்ததும் தண்ணீரில் செருப்போடு இறங்கிவந்து படகின் பக்கப் பலகையைக் கையால் தடவினார்.

"நல்லாத்தான்யா செஞ்சிருக்கான். என்னமா போகுது! நான்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். எங்க அவன்? வரச் சொல்லு. அன்னைக்கு எம்புட்டுப் பேரு முன்னாடி பேசுனேனோ அம்புட்டுப் பேரையும் கூப்புட்டு வச்சு நல்ல படகுன்னு நானே சொல்றேன்."

"நேத்து அடக்கம் பண்ணியாச்சுங்க" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினார். அந்தச் சொல் கொஞ்ச நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒரு மனிதன் காதில் விழ வேண்டிய ஒரே ஒரு சொல், அவன் மண்ணுக்குள் போன மறுநாள் வந்து கரையில் நிற்கிறது. என்ன செய்வது அதை வைத்துக்கொண்டு?

அவர்கள் போன பிறகு மோட்டாரைக் கழற்றி அந்தக் கட்டையைப் பார்த்தேன். ஆணி இல்லை, மரமுளை போட்டு நிறுத்தியிருந்தது. இரண்டு பக்கமும் மெழுகு மாதிரி இழைத்து, பின்பலகைக்கு ஏற்ற சாய்வில் இருந்தது. நீலக் கொக்கி, வயிற்றில் புள்ளி. அவன் படுப்பதற்கு முன்பே செய்து யாரிடமாவது கொடுத்து வைத்திருந்தானோ என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு மோட்டார் உட்கார்ந்திருந்த மேல்பக்கத்தைப் பார்த்தேன். அதை மட்டும் அவன் இழைக்கவில்லை. அறுத்தது அறுத்தபடி இருந்தது. நடுவில் ஒரு கணு. கணுவுக்கு இந்தப் பக்கம் ஒரு மட்டம், அந்தப் பக்கம் ஒரு மட்டம், நடுவில் படி. மோட்டாரின் பிடி அந்தப் படியில்தான் வசமாகப் பிடித்து உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் இழைப்புளி படாமல் விட்ட இடத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். வைத்துப் பார்த்திருக்கவே கூடாது.

அங்கிருந்து நேராக அவனை அடக்கிய கபரஸ்தானுக்குப் போனேன். பொழுது சாய்கிற நேரம். மண் நேற்று நாங்கள் குவித்துத் தண்ணீர் தெளித்துத் தட்டிவிட்டுப் போனபடி இருந்தது. மேலே ஊன்றிய கிளைகூடச் சாயவில்லை. ஒரு விரல் நுழைந்த தடம் இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், ஒரு பலகை சரியாக வைக்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, "மூடுன கபரத் தோண்டக்கூடாது தம்பி. அவர அல்லா பாத்துக்குவான், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஜைனம்புவைப் பார்க்கப் போனேன். புருஷன் இறந்த துக்கத்தில் இருப்பவள் வேற்று ஆண் முன்னால் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "படகு ஓடுச்சாண்ணே?"

"ஓடுச்சு தங்கச்சி. பறந்துச்சு. காண்ட்ராக்டரே வந்து நல்ல படகுன்னு சொன்னாரு."

"அவுக காதுல விழுந்திருந்தா எந்திரிச்சே வந்திருப்பாக" என்று சொல்லி அழுதாள். எதைச் சொல்ல? உன் புருஷன் காலை மூட வைத்த கட்டை கண்மாயில் இருக்கிறது என்றா?

அந்தக் கட்டையைப் பார்த்து அதே அளவில், அதே சாய்வில் இன்னொன்று வேறு தச்சரிடம் செய்யச் சொல்லி வேலுச்சாமிக்குக் கொடுத்தேன். கண்மாய் வற்றும்வரை படகு அதில்தான் ஓடியது, நன்றாகவே ஓடியது. முதல் கட்டையை நான் எடுத்து வந்துவிட்டேன். அதுதான் அலமாரியில் இருப்பது. நீங்கள் வேண்டுமானால் கையில் எடுத்துப் பாருங்கள். கிரீஸ் ரேகை மங்கிவிட்டது, படி அப்படியே இருக்கிறது. அதை எப்படி விளக்குவீர்களோ விளக்குங்கள், எனக்கும் ஒரு நல்ல விளக்கம் கிடைத்தால் நிம்மதிதான். பெட்ரோல், பொறி, காற்று என்று எதையாவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அவன் வந்தானா, எப்படி வந்தான், அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. நானே வச்சுத் தாரேன் என்றான், வைத்துத் தந்துவிட்டான், அவன் சொன்னால் செய்கிற ஆள். ஷெட்டில் எவ்வளவோ மரம் கிடந்தது. ஊரில் எவ்வளவோ மரம் இருந்தது. அவன் கைக்கு எட்டியது அந்த ஒரு துண்டுதான் போலிருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் என் மனைவி போர்வையை இழுத்து என் காலை மூடிவிடுவாள். நான் உதறிவிடுவேன். வெளியே தண்ணீர் மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் என் கையால் அடைத்த அந்தச் சந்து திறந்து கிடக்கிறது, அவன் காலில் மண் விழுந்துகொண்டிருக்கும்.